64 கோர் மெஷினில் டேட்டாபேஸ் ஏன் பறப்பதில்லை?

நீங்கள் அனுப்பிய கேள்வி இதுதான்: பழைய சர்வரை விட்டு 64 கோர், 512 ஜிபி ரேம், நான்கு என்விஎம்இ எஸ்எஸ்டி உள்ள புது மெஷினுக்கு மாறியாயிற்று. போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸில் ஓடும் அறிக்கைக் குவெரிகள் (தரவைக் கேட்டு எடுக்கும் கட்டளைகள்) இரண்டு மடங்கு வேகமானதோடு நின்றுவிட்டன. இன்றைய வன்பொருளுக்கென்றே ஒரு டேட்டாபேஸை அடியிலிருந்து வடிவமைத்தால் அது எப்படி இருக்கும்? இருப்பதை வைத்துக்கொண்டு இப்போதைக்கு என்ன செய்யலாம்?

பின்பாதிக்கு விடை சிறியது, கடைசியில் வருகிறேன். முன்பாதியில்தான் விஷயம் இருக்கிறது.

இன்று நாம் புழங்கும் டேட்டாபேஸ்களின் எலும்புக்கூடு 1970களில் கட்டப்பட்டது. ஐபிஎம்மின் சான் ஹோசே ஆய்வகத்தில் சிஸ்டம் ஆர், பெர்க்லி பல்கலைக்கழகத்தில் இங்க்ரெஸ், இவற்றுக்குச் சற்று முன்னால் பேயரும் மெக்ரைட்டும் கொடுத்த, தரவைத் தேட உதவும் மர வடிவ அட்டவணையான பி-ட்ரீ. அவர்கள் எல்லோருக்கும் தலைவலி ஒன்றுதான்: டிஸ்க்கின் கை. நிமிடத்துக்கு 7200 சுற்று சுற்றும் பிற்காலத்து ஹார்ட் டிஸ்க்கிலேயே பாதிச் சுற்றுக்கு 4 மில்லிவினாடி போய்விடும். கை நகரும் நேரத்தையும் சேர்த்தால், அங்கொன்றும் இங்கொன்றுமாகப் படிக்கும் ஒவ்வொரு படிப்புக்கும் 10 மில்லிவினாடி வரை ஆகும். 4 கிகாஹெர்ட்ஸ் சிபியுவுக்கு அது 4 கோடி சைக்கிள் (கடிகாரத் துடிப்பு). ஒரே ஒரு டிஸ்க் படிப்பை மிச்சப்படுத்த முடிந்தால் சிபியுவை எவ்வளவு வேண்டுமானாலும் செலவழிக்கலாம் என்ற கணக்கு அன்றைக்குச் சரியாகவே இருந்தது. பஃபர் பூல் (டிஸ்க்கிலிருந்து படித்ததை ரேமில் வைத்திருக்கும் இடம்), பேஜ் (ஒரே மூச்சில் படித்து எழுதும் தரவுத் துண்டு), வரிசையாகப் படிப்பதற்குக் கொடுக்கும் முன்னுரிமை எல்லாம் அந்தக் கணக்கில் பிறந்தவை.

இப்போதைய விலைப்பட்டியலைப் பாருங்கள். சிபியுவுக்குள்ளேயே இருக்கும் சிறிய வேக நினைவகம்தான் கேஷ், அதன் முதல் அடுக்கு எல்1. அதில் இருப்பதை எடுக்க ஏறத்தாழ 1 நானோவினாடி. எல்3 என்றால் 10 முதல் 20 வரை. ரேமுக்குப் போனால் 100 நானோவினாடி அளவில். என்விஎம்இ எஸ்எஸ்டியிலிருந்து ஒரு 4 கேபி துண்டைப் படிக்க 100 மைக்ரோவினாடிக்குப் பக்கத்தில். டிஸ்க்கிலிருந்து எஸ்எஸ்டிக்கு வந்ததில் தாமதம் நூறு மடங்கு குறைந்தது உண்மை. ஆனால் ரேமின் தாமதம் இருபது ஆண்டுகளாகப் பெரிதாக அசையவில்லை. சிபியுவின் கடிகார வேகமும் அப்படித்தான்: 2004இல் வந்த பென்டியம் 4 சிப்பிலேயே 3.8 கிகாஹெர்ட்ஸ் இருந்தது. இன்றைய சர்வர் சிப்கள் அதே வட்டாரத்தில்தான் ஓடுகின்றன.

அப்படியானால் இத்தனை ஆண்டுகளில் கூடியது என்ன? அகலம். ஒரு சிப்பில் 64, 96, 128 கோர்கள். ஒரே கட்டளையில் எட்டு அல்லது பதினாறு எண்களைக் கூட்டும் சிம்ட் கட்டளைகள். ஒரே நேரத்தில் பல கேஷ் மிஸ்களை (கேஷில் இல்லாமல் ரேமுக்குப் போக வேண்டிய கோரிக்கைகளை) நிலுவையில் வைத்திருக்கக்கூடிய கோர்கள். உள்ளே டஜன் கணக்கில் ஃபிளாஷ் சிப்கள் இணையாக வேலை செய்யும் எஸ்எஸ்டி. ஒன்றைக் கேட்டுவிட்டு அது வரும்வரை காத்திருக்கும் நிரல், இந்த அகலத்தில் ஒரு மூலையை மட்டும் பயன்படுத்துகிறது. பலவற்றை ஒன்றாகக் கேட்கத் தெரிந்த நிரலுக்குத்தான் முழு மெஷினும் கிடைக்கிறது. நான் கீழே சொல்லப்போகும் உத்திகள் எல்லாமே இந்த ஒரே நியாயத்தின் வெவ்வேறு முகங்கள்.

இது இன்று நேற்று கண்டுபிடித்ததல்ல. 1999இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் அனஸ்தாசியா ஐலமாகியும் அவர் குழுவும் நான்கு வணிக டேட்டாபேஸ்களை எடுத்து, தரவு முழுக்க ரேமிலேயே இருக்கும்போது சிபியு என்ன செய்கிறது என்று அளந்தார்கள். ஏறக்குறைய பாதி நேரம் அது சும்மா நின்றுகொண்டிருந்தது, பெரும்பாலும் கேஷ் மிஸ்களால். 2008இல் ஹரிசோபௌலோஸ், அபாடி, மேடன், ஸ்டோன்பிரேக்கர் நால்வரும் ஷோர் என்ற ஆய்வு டேட்டாபேஸை எடுத்துக்கொண்டு, பஃபர் மேலாண்மை, பூட்டுகள், லாட்ச்கள் (மிகக் குறுகிய நேரப் பூட்டுகள்), லாக் (மாற்றங்களின் பதிவேடு) எழுதுவது என்று ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தார்கள். முடிவில் மிஞ்சிய ‘உண்மையான வேலை’ மொத்தக் கட்டளைகளில் பத்தில் ஒரு பங்கைக்கூடத் தொடவில்லை. மீதி எல்லாம் நிர்வாகச் செலவு.

முதலில் தரவை அடுக்கும் முறை. என் கருத்தில் மொத்த லாபத்தில் பெரும்பங்கு இங்கேதான் கிடைக்கிறது. பலர் நேராக சிம்டிலும் ஜிபியுவிலும் போய் நிற்பதைப் பார்த்தால் எரிச்சலாக இருக்கும்.

ஒரு பில் டேபிளை எடுத்துக்கொள்வோம். 20 காலம் (column; நேரமல்ல, டேபிளின் நெடுக்குப் பத்தி), ஒவ்வொன்றும் 8 பைட், ஒரு வரிசைக்கு 160 பைட், மொத்தம் 10 கோடி வரிசைகள். தொகை என்ற ஒரே காலத்தைக் கூட்ட வேண்டும். சிபியு ரேமிலிருந்து எதையும் ஒற்றை பைட்டாக எடுப்பதில்லை, 64 பைட் கேஷ் லைனாகத்தான் எடுக்கும். வரிசை வரிசையாக அடுக்கியிருந்தால் ஒவ்வொரு வரிசைக்கும் குறைந்தது ஒரு கேஷ் லைன், ஆக 6.4 ஜிபி நகர வேண்டும். அதில் நமக்கு வேண்டியது 0.8 ஜிபி மட்டும். தொகைக் காலத்தைத் தனியாக அடுக்கியிருந்தால் அந்த 0.8 ஜிபியோடு வேலை முடிந்தது. தொகைகள் எல்லாம் சிறிய எண்கள், ஒவ்வொன்றையும் 2 பைட்டில் அடக்கிவிடலாம் என்றால் 0.2 ஜிபி. ஒரு கோர் வினாடிக்கு 10 ஜிபி படிப்பதாக வைத்துக்கொண்டால் 640, 80, 20 மில்லிவினாடி. அல்காரிதம் மாறவில்லை, கட்டளைகளைக் கசக்கவில்லை. 32 மடங்கு வித்தியாசம் அடுக்கலில் மட்டுமே வந்தது.

சுருக்குவதை இடம் சேமிக்கும் வழியாகப் பார்ப்பது பழைய பழக்கம். இன்று அது ரேமிலிருந்து நகர வேண்டிய தரவைக் குறைக்கும் வழி. அதனால் ஜிஸிப் மாதிரி கனமான சுருக்கம் இங்கே உதவாது, விரிப்பதற்கே சிபியு களைத்துவிடும். திரும்பத் திரும்ப வரும் ஊர்ப் பெயர்களுக்கு அகராதி எண் கொடுப்பது, ஒரே மதிப்பு தொடர்ந்து வந்தால் மதிப்பையும் எண்ணிக்கையையும் மட்டும் வைப்பது, எண்களை அடிப்படை மதிப்பிலிருந்து உள்ள வித்தியாசமாக்கி வேண்டிய பிட்டுகளுக்குள் அடைப்பது போன்ற எளிய முறைகளே போதும். இவற்றில் சிலவற்றை விரிக்காமலே வடிகட்டவும் முடியும்: ‘மதுரை’ என்பதை அகராதியில் ஒருமுறை தேடி எண்ணாக்கிவிட்டால், பிறகு கோடிக்கணக்கான சரங்களை ஒப்பிடும் வேலை, சிறிய எண்களை ஒப்பிடும் வேலையாகிவிடும்.

காலவாரி அடுக்கலுக்கு விலை உண்டு. ஒரே ஒரு பில்லை முழுதாக எடுக்க 20 இடங்களைத் தொட வேண்டும், ஒரு வரிசை சேர்த்தாலும் 20 இடங்கள். அதனால்தான் நடைமுறையில் யாரும் முழு டேபிளையும் ஒரே நீளக் காலங்களாக வைப்பதில்லை. 2001இல் ஐலமாகி குழுவே முன்வைத்த பேக்ஸ் என்ற முறையில் பேஜ் அதே பேஜ்தான், அதற்குள்ளே மட்டும் காலவாரியாகப் பிரித்திருப்பார்கள். இன்றைய பார்க்கே என்ற ஃபைல் வடிவமும், ஒரு குழுவுக்கு 1,22,880 வரிசைகள் வைக்கும் டக்டிபி என்ற டேட்டாபேஸும் அதே எண்ணத்தைப் பெரிய அளவில் செய்பவை. ஒவ்வொரு குழுவின் சிறும, பெரும மதிப்புகளைக் கூடவே எழுதி வைப்பதால், தேதி வடிகட்டி வரும்போது பொருந்தாத குழுக்களைத் திறக்காமலே தாண்டலாம். படிக்காமல் விட்ட தரவை விட வேகமான தரவு எது?

அடுத்து, குவெரியை ஓட்டும் முறை. பெரும்பாலான டேட்டாபேஸ்கள் கெட்ஸ் கிரேஃப் தன் வால்கேனோ அமைப்பில் முறைப்படுத்திய மாதிரியில் ஓடுகின்றன: மேலே இருக்கும் ஆப்பரேட்டர் (வடிகட்டல், கூட்டல் போன்ற ஒரு படி) கீழே இருப்பதைப் பார்த்து ‘அடுத்தது’ என்று கேட்கும், அது தனக்குக் கீழே இருப்பதைக் கேட்கும், ஒரு வரிசை மேலே ஏறி வரும். அழகான வடிவம். டிஸ்க் 10 மில்லிவினாடி எடுத்த காலத்தில் இந்த அழைப்புகளின் செலவு கண்ணிலேயே படாது. தரவு ரேமில் இருக்கும்போது, இரண்டு எண்களைக் கூட்டும் ஒரு சைக்கிள் வேலைக்காக நூற்றுக்கணக்கான சைக்கிள் அழைப்பிலும், வகை பார்ப்பதிலும், கிளை தாவுவதிலும் போகிறது.

பத்து கிலோ வெங்காயத்தை ஒவ்வொன்றாக எடுத்து உரித்து, நறுக்கி, வதக்கி, இறக்கிவிட்டு அடுத்ததை எடுக்கும் சமையல்காரர் உண்டா? ஆம்ஸ்டர்டாமில் உள்ள சிடபிள்யூஐ ஆய்வகத்தில் பீட்டர் பொன்ட்ஸ், மார்சின் சுகோவ்ஸ்கி, நீல்ஸ் நெஸ் மூவரும் 2005இல் காட்டிய எக்ஸ்100 இந்தக் கேள்வியைத்தான் கேட்டது. ஒரு அழைப்புக்கு ஒரு வரிசை என்பதற்குப் பதில் ஏறத்தாழ ஆயிரம் மதிப்புகள் கொண்ட வெக்டர். அழைப்புச் செலவு ஆயிரத்தால் வகுபடுகிறது. உள்ளே இருக்கும் சிறிய சுழலை கம்பைலரே சிம்ட் கட்டளைகளாக மாற்றிவிடுகிறது. ஏன் ஆயிரம், ஏன் முழுக் காலத்தையும் ஒரே மூச்சில் செய்யக்கூடாது என்று கேட்கலாம். அதே ஆய்வகத்தின் முந்தைய மோனெட்டிபி அப்படித்தான் செய்தது. ஒவ்வொரு படியின் இடைவிளைவும் கேஷைத் தாண்டி ரேமுக்குப் போய்த் திரும்ப வேண்டியிருந்தது. வெக்டரின் அளவு, அது எல்1 அல்லது எல்2 கேஷுக்குள் அடங்க வேண்டும் என்பதால் வருகிறது. டக்டிபியில் அது 2048.

இதற்கு எதிர்முனையில் மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம். அங்கே தாமஸ் நாய்மன் 2011இல் காட்டிய வழி, ஒவ்வொரு குவெரியையும் எல்எல்விஎம் என்ற கம்பைலர் கருவியைக் கொண்டு நேரடி மெஷின் கோடாகவே கம்பைல் செய்துவிடுவது. ஹைப்பர் என்ற அந்த அமைப்பில் ஒரு வரிசை ஸ்கேனில் நுழைந்து ஜாயின் (இரு டேபிள்களை இணைப்பது) வரை போகும்போது அதன் மதிப்புகள் சிபியுவின் உள்நினைவுப் பெட்டியான ரெஜிஸ்டரை விட்டு வெளியே வருவதே இல்லை. எது மேல்? இரு தரப்பும் சேர்ந்து 2018இல் ஒரே அடித்தளத்தில் இரண்டையும் கட்டி ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பெரிய வித்தியாசம் இல்லை. கணக்கு அதிகமாக உள்ள குவெரிகளில் கம்பைல் செய்வது முந்துகிறது, ரேமுக்காகக் காத்திருப்பது அதிகமாக உள்ளவற்றில் வெக்டர் முந்துகிறது. நானாக இருந்தால் வெக்டரைத் தேர்ந்தெடுப்பேன். பிழை தேடும்போது சாதாரண டீபக்கரில் போய் நிற்கலாம், ஒவ்வொரு ஆப்பரேட்டரும் எத்தனை சைக்கிள் தின்றது என்று அளக்கலாம். இயந்திரம் எழுதிய கோடுக்குள் நள்ளிரவில் பிழை தேடுவது வேறு மாதிரியான வாழ்க்கை.

போஸ்ட்கிரெஸ்ஸிலும் 2018இல் வந்த 11ஆம் பதிப்பிலிருந்து ஜிட் (ஓடும்போதே கம்பைல் செய்யும் வசதி) இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, ஆனால் அது கணக்குக் கோவைகளையும், பேஜிலிருந்து காலங்களைப் பிரித்தெடுக்கும் வேலையையும் மட்டுமே கம்பைல் செய்கிறது. வரிசை வரிசையாக ஓடும் வால்கேனோ வடிவம் அப்படியே நிற்கிறது.

ஜாயின் பக்கம் வருவோம், ஏனென்றால் அகலம் என்று நான் சொன்னது அங்கேதான் பளிச்சென்று தெரியும். ஒரு டேபிளின் வரிசைகளைச் சாவியால் தேட ரேமில் கட்டும் ஹேஷ் டேபிள், கேஷை விடப் பெரியது. 10 கோடி வரிசைகள் அதில் தேட வேண்டும். ஒவ்வொரு தேடலும் ரேமில் எங்கோ ஓர் இடம், 100 நானோவினாடி. ஒன்று முடிந்து அடுத்தது என்று போனால் 10 வினாடி. ஆனால் இன்றைய ஒரு கோர் பத்து அல்லது அதற்கும் மேற்பட்ட கேஷ் மிஸ்களை ஒரே சமயத்தில் நிலுவையில் வைத்திருக்கும். ஆயிரம் சாவிகளின் ஹேஷ் மதிப்புகளை முதலில் கணக்கிட்டுவிட்டு, ஒன்றையொன்று சாராத ஆயிரம் தேடல்களை ஒரு குறுஞ்சுழலில் விட்டால், சிபியு தானாகவே அவற்றை ஒன்றன் மேல் ஒன்றாக ஓட்டும். 10 வினாடி 1 வினாடிக்குப் பக்கத்தில் வந்துவிடும். தாமதம் ஒரு நானோவினாடிகூடக் குறையவில்லை என்பதைக் கவனியுங்கள். இன்னொரு வழி, இரு பக்கத்தையும் முதலில் சாவியின் சில பிட்டுகளைக் கொண்டு துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டின் ஹேஷ் டேபிளும் கேஷுக்குள் அடங்கும்படி செய்வது. ஆம்ஸ்டர்டாம் குழு 1999இலேயே இதைச் செய்துகாட்டியது. பொருந்தாத வரிசைகள் அதிகம் என்றால் முன்னால் ஒரு சிறிய ப்ளூம் ஃபில்டரை (‘இந்தச் சாவி நிச்சயம் இல்லை’ என்று சொல்லும் பிட் அட்டவணையை) வைத்துவிட்டால் பெரும்பாலான தேடல்கள் நடக்கவே நடக்காது. மூன்றில் இதுதான் மலிவானது, முதலில் செய்ய வேண்டியதும் இதுவே.

கிளைத் தாவல் பற்றி ஒரு வார்த்தை. ‘தொகை 500க்கு மேல்’ என்ற நிபந்தனை பாதி வரிசைகளுக்குப் பொருந்துகிறது என்றால் எந்தக் கிளையில் போகும் என்ற சிபியுவின் முன்யூகம் பாதி நேரம் தவறும், ஒவ்வொரு தவறுக்கும் 15 முதல் 20 சைக்கிள் வீண். வரிசை எண்ணை எப்போதும் எழுதிவிட்டு, எழுதும் இடத்தை மட்டும் நிபந்தனையின் விடையான 0 அல்லது 1 அளவுக்கு நகர்த்தினால் ‘இஃப்’ என்பதே இல்லாமல் போகும். இரண்டு வரி மாற்றம். இதை முதலில் பார்ப்பவர்கள் நம்ப மாட்டார்கள்.

இனி கோர்கள். 64 கோர் இருந்தால் 64 மடங்கு என்பதைக் கெடுப்பது பெரும்பாலும் எழுதுதல்தான், அதுவும் நாம் எழுதுவதாக நினைக்காத எழுதுதல். பி-ட்ரீயின் வேர் பேஜை எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாக் குவெரியும் அதைப் படித்துவிட்டுத்தான் கீழே இறங்கும். யாரும் அதை மாற்றுவதில்லை. ஆனாலும் படிக்கும் முன் ஒவ்வொரு த்ரெட்டும் (தனியாக ஓடும் வேலை இழையும்) ‘நான் படிக்கிறேன்’ என்று பேஜின் எண்ணிக்கையை ஒன்று கூட்டுகிறது, பிறகு ஒன்று குறைக்கிறது. அந்த எண்ணிக்கை இருக்கும் கேஷ் லைன் 64 கோர்களுக்கு நடுவே பந்தாடப்படுகிறது. படிப்பு மட்டுமே உள்ள சுமையில்கூட மெஷின் எழுத்துப் போட்டியில் மூச்சுத் திணறுகிறது. இதற்கு மாற்று, நம்பிக்கையோடு படிப்பது: பேஜின் பதிப்பு எண்ணைப் பார், படி, மறுபடி பதிப்பு எண்ணைப் பார், மாறியிருந்தால் மட்டும் திரும்பப் படி. படிப்பவர் எதையும் எழுதுவதில்லை. மியூனிக்கில் தொடங்கிய லீன்ஸ்டோர் இதன்மேல் நிற்கிறது. கூடவே பஃபர் பூலில் பேஜைத் தேட ஒவ்வொரு முறையும் ஹேஷ் டேபிளுக்குப் போகாமல், பேஜ் ரேமில் இருக்கும்வரை மேல் பேஜிலேயே அதன் நேரடி முகவரியை எழுதி வைத்துக்கொள்கிறது.

வேலையைப் பங்கிடுவதிலும் பழைய வழக்கம் இடறுகிறது. குவெரி தொடங்கும்போதே 64 சம பங்காகப் பிரித்துக் கொடுத்தால், ஒரு பங்கில் வடிகட்டிக்குத் தப்பிய வரிசைகள் அதிகமாக இருக்கும், 63 கோர்கள் அந்த ஒன்றுக்காகக் காத்திருக்கும். 2014இல் ஹைப்பர் குழு சொன்ன தீர்வு, லட்சம் வரிசை அளவிலான சிறு துண்டுகளாக வெட்டி, கை ஓய்ந்த கோர் அடுத்த துண்டை எடுத்துக்கொள்ளட்டும் என்பது. எடுக்கும்போது தன் பக்கத்து ரேமில் உள்ள துண்டுக்கு முன்னுரிமை கொடுக்கும். இரண்டு சாக்கெட் (சிபியு சிப் பொருத்தும் இடம்) உள்ள மெஷினில் அடுத்த சாக்கெட்டின் ரேமைத் தொடுவது நன்றாகவே அதிகச் செலவு என்பதால் அது முக்கியம்.

சேமிப்புக்கு வரலாம். இங்கே ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்த்தபோது எனக்கே வியப்பாக இருந்தது. 1990களின் 100 மெகாஹெர்ட்ஸ் சிபியுவும், வினாடிக்கு 100 தடவை படிக்கும் ஒரு டிஸ்க்கும்: ஒரு படிப்புக்கு 10 லட்சம் சைக்கிள் கையில் இருக்கிறது. டிஸ்க் பத்து வைத்தாலும் 1 லட்சம். இன்று 64 கோர், 3 கிகாஹெர்ட்ஸ், வினாடிக்கு 15 லட்சம் படிப்பு தரும் எஸ்எஸ்டி எட்டு. மொத்தம் 1.2 கோடி படிப்புகள், ஒவ்வொன்றுக்கும் கையில் இருப்பது 16,000 சைக்கிள். சிபியு ஆயிரம் மடங்குக்கு மேல் வளர்ந்தும் ஒரு படிப்புக்கான பட்ஜெட் சுருங்கிவிட்டது. அந்த 16,000க்குள் இயங்குதளத்தின் மையமான கெர்னலின் வேலை, பழைய பேஜை வெளியேற்றுவது, இண்டெக்ஸில் இறங்குவது எல்லாம் முடிய வேண்டும். ஹாஸ், லைஸ் இருவரும் 2023இல் லீன்ஸ்டோரை எட்டு எஸ்எஸ்டிகளோடு இந்த அளவுக்கே ஓட்டிக் காட்டினார்கள். ஒரு படிப்புக்கு ஒரு த்ரெட் தூங்கி விழிக்கும் வடிவத்தில் அது நடக்காத காரியம்.

ஏன் நடக்காது என்றால்: ஒரு படிப்பு 100 மைக்ரோவினாடி, ஒன்று முடிந்துதான் அடுத்தது என்றால் வினாடிக்கு 10,000. வாங்கிய எஸ்எஸ்டி 10 லட்சம் தரக்கூடியது. அதில் 100இல் ஒரு பங்கைத்தான் தொடுகிறோம். முழுதும் வேண்டுமென்றால் எப்போதும் 100 படிப்புகள் நிலுவையில் இருக்க வேண்டும். அதற்கான வாசலை லினக்ஸ் 2019இல் 5.1 பதிப்பில் ஐஓ_யூரிங் என்ற பெயரில் திறந்தது. போஸ்ட்கிரெஸ் 2025இல் வந்த 18ஆம் பதிப்பில்தான் ஒத்திசையா படிப்பை (முடியும்வரை காத்திருக்காமல் பலவற்றைக் கேட்பதை) சேர்த்தது. அதுவரை கெர்னலின் முன்கூட்டிப் படிக்கும் குணத்தை நம்பியே காலம் ஓடியது. ‘எம்மேப் (ஃபைலை ரேம் போலவே காட்டும் கெர்னல் வசதி) போட்டுவிட்டால் கெர்னலே பார்த்துக்கொள்ளுமே’ என்று தொடங்கும் புது டேட்டாபேஸ்கள் ஆண்டுக்கு ஒன்றாவது வருகின்றன. பேஜ் எப்போது டிஸ்க்குக்குப் போகிறது என்பது நம் கையில் இல்லை, ஒரு பேஜ் ஃபால்ட்டில் (தொட்ட பேஜ் ரேமில் இல்லாதபோது) த்ரெட் எங்கு வேண்டுமானாலும் நிற்கும், வெளியேற்றும் வேகமும் எஸ்எஸ்டிக்கு ஈடுகொடுக்காது. எம்மேப்பைத் தொடாதீர்கள்.

எழுதும் பக்கத்தில் ஃபிளாஷுக்கு ஒரு பிறவிக் குணம்: எழுதிய இடத்திலேயே திரும்ப எழுத முடியாது. பெரிய தொகுதியாக அழித்துவிட்டுத்தான் எழுத வேண்டும், அதற்காக உயிருள்ள பேஜ்களை உள்ளுக்குள்ளேயே இடம் மாற்றிக்கொண்டிருக்கும். பி-ட்ரீயில் 100 பைட் மாற்றத்துக்கு 8 கேபி பேஜ் முழுதும் எழுதப்படுகிறது. போஸ்ட்கிரெஸ் என்றால் செக்பாயின்ட்டுக்கு (ரேமில் மாறியவற்றை டிஸ்க்கில் எழுதி முடிக்கும் கட்டத்துக்கு) பிறகு முதல் தடவை மாறும் பேஜ் லாக் ஃபைலிலும் முழுதாகப் போகிறது. ராக்ஸ்டிபி போன்ற எல்எஸ்எம் அமைப்புகள் மாற்றங்களை ரேமில் சேர்த்து, வரிசைப்படுத்தி, பெரிய ஃபைல்களாக எழுதுகின்றன. ஃபிளாஷுக்கு அது பிடிக்கும். பதிலுக்கு, அந்த ஃபைல்களைப் பின்னணியில் ஒன்றிணைக்கும் வேலை ஓயாமல் ஓடும், படிப்பவர் பல ஃபைல்களைப் பார்க்க வேண்டும். எழுத்து அதிகமா படிப்பு அதிகமா என்று தெரியாமல் இதில் தேர்வு செய்ய வழியில்லை.

எல்லாம் மாற வேண்டும் என்றும் இல்லை. சென்னை ஐஐடியில் படித்து ஐபிஎம்மில் பணியாற்றிய சி. மோகன் தன் சகாக்களோடு 1992இல் வெளியிட்ட ஏரிஸ் மீட்பு முறையின் அடிப்படை, அதாவது மாற்றத்தை முதலில் லாகில் எழுது, பேஜைப் பிறகு எழுதலாம் என்பது, இன்றைக்கும் நிற்கிறது. மாறியது அதைச் சுற்றியுள்ள நெரிசல்: எல்லாக் கோரும் ஒரே லாக் வாலைப் பிடித்து இழுக்காமல் பல தனி லாக்களாகப் பிரிப்பது, பல கமிட்களை (மாற்றங்களை உறுதி செய்யும் கோரிக்கைகளை) ஒரே எஃப்சிங்க்கில் (நிலையாக எழுதச் சொல்லும் அழைப்பில்) அனுப்புவது. இங்கே காசு சேமிக்கப் பார்க்காதீர்கள். மின்சாரம் போனாலும் கையில் இருப்பதை எழுதி முடிக்க கெபாசிட்டர் வைத்த சர்வர் எஸ்எஸ்டி, எஃப்சிங்க்குக்கு உடனே சரி சொல்லிவிடும். லேப்டாப் ரக எஸ்எஸ்டி உண்மையிலேயே ஃபிளாஷில் எழுதிவிட்டு வர வேண்டும், விளம்பர அட்டையில் இந்த வித்தியாசம் இருக்காது.

புது வன்பொருளுக்காக வடிவமைப்பதில் ஒரு ஆபத்தும் உண்டு. இன்டெல் 2019இல் ஆப்டேன் நிலைநினைவகத்தை சர்வர்களுக்குக் கொண்டுவந்தது. ரேம் மாதிரி பைட் பைட்டாகத் தொடலாம், மின்சாரம் போனாலும் மறக்காது. அதை மையமாக வைத்து ஏராளமான ஆய்வுகளும் சில அமைப்புகளும் வந்தன. 2022இல் இன்டெல் அந்த வியாபாரத்தையே மூடிவிட்டது. முழுக்க ரேமிலேயே இருக்கும் டேட்டாபேஸ்களின் கதையும் பாதி அப்படித்தான்: ரேம் விலை இறங்கிக்கொண்டே போகும் என்பது அவற்றின் அடிப்படை நம்பிக்கை, எஸ்எஸ்டி விலைதான் வேகமாக இறங்கியது. ஹைப்பரைக் கட்டிய அதே குழு அடுத்துக் கட்டிய அம்ப்ரா, தரவை எஸ்எஸ்டியில் வைத்துக்கொண்டு ரேம் வேகத்தைத் தேடுகிறது. ஆகவே ஒரு கருவியின் குணத்தின் மேல் கட்டாதீர்கள். கேஷ் லைன், தொகுதியாக வேலை, பங்கிடாத எழுத்து, நிலுவையில் பல கோரிக்கைகள், இந்த நான்கும் எந்தக் கருவி வந்தாலும் போனாலும் கைகொடுக்கும். ஜிபியு பற்றிக் கேட்பவர்களுக்கும் இதுவே பதில்: தரவு அங்கேயே குடியிருந்தால் பிரமாதம், ஒவ்வொரு குவெரிக்கும் பஸ் வழியாக அனுப்ப வேண்டுமென்றால் அனுப்புவதிலேயே லாபம் கரையும்.

சரி, உங்கள் மெஷின். புதிதாக டேட்டாபேஸ் எழுதப் புறப்பட வேண்டாம். முதலில், ஒரு குவெரிக்கு எத்தனை கோர் கொடுக்கலாம் என்ற அமைப்பைப் பாருங்கள். மேக்ஸ்_பேரலல்_வொர்க்கர்ஸ்_பர்_கேதர் என்பதன் இயல்பு மதிப்பு 2. அதாவது தலைமை ப்ராசஸையும் சேர்த்து மூன்று கோர், 61 கோர் வேடிக்கை பார்க்கும். மொத்த இணை வொர்க்கர்களுக்கான உச்சவரம்பு 8, அதையும் கூடவே ஏற்றுங்கள். பஃபர் பூலின் அளவான ஷேர்டு_பஃபர்ஸ் இயல்பில் 128 எம்பிதான். 512 ஜிபி ரேமில் அது ஒரு மூலைகூட இல்லை. பெரிதாக்கும்போது ஹியூஜ் பேஜையும் (பெரிய அளவிலான ரேம் பேஜ்) இயக்குங்கள், இல்லையென்றால் 4 கேபி பேஜ்களின் முகவரி மாற்றத்திலேயே நேரம் போகும். அங்கொன்றும் இங்கொன்றுமாகப் படிப்பதற்குப் போடும் விலையான ரேண்டம்_பேஜ்_காஸ்ட் 4 என்பது சுழலும் டிஸ்க்கின் நினைவுச் சின்னம். என்விஎம்இயில் 1.1 பக்கம் கொண்டுவந்தால் பிளானர் (குவெரியை ஓட்டும் வழியைத் தேர்ந்தெடுக்கும் பகுதி) இண்டெக்ஸைப் பார்த்துப் பயப்படுவதை நிறுத்தும். 18ஆம் பதிப்புக்கு மாற முடிந்தால் மாறி, ஐஓ_மெத்தட் அமைப்பில் ஐஓ_யூரிங்கை முயன்று பாருங்கள்.

டேபிளின் காலங்கள் எந்த வரிசையில் இருக்கின்றன என்பதும் கணக்கில் வரும். போஸ்ட்கிரெஸ் ஒவ்வொரு வரிசைக்கும் 23 பைட் தலைப்பு வைக்கிறது. நீளம் மாறும் காலம் முன்னால் இருந்தால், பின்னால் உள்ள காலத்தை எடுக்க ஒவ்வொரு வரிசையிலும் நடந்து நடந்துதான் போக வேண்டும். அடிக்கடி தொடும், நீளம் மாறாத காலங்களை முன்னால் வையுங்கள்.

இதற்குமேல் அறிக்கைக் குவெரிகள் வேகம் வேண்டுமென்றால் அவற்றை போஸ்ட்கிரெஸ்ஸிலேயே கசக்குவதில் அர்த்தமில்லை. இரவில் ஒருமுறை பார்க்கே ஃபைலாக ஏற்றுமதி செய்து டக்டிபியில் ஓட்டிப் பாருங்கள். நிறுவ ஐந்து நிமிடம்கூட ஆகாது. பில் போடும் வேலை போஸ்ட்கிரெஸ்ஸிலேயே நன்றாக நடக்கும், அதற்கு வரிசைவாரி அடுக்கல்தான் சரி. அடுக்கலால் வரும் வித்தியாசம் உங்கள் தரவில் எவ்வளவு என்பது அப்போது தெரிந்துவிடும்.

மெஷின் கிளவுடில் இருக்கிறதா, சொந்த அறையில் இருக்கிறதா என்பதை நீங்கள் எழுதவில்லை. கிளவுட் என்றால் ‘எஸ்எஸ்டி’ என்று எழுதியிருப்பது பெரும்பாலும் வலைப்பின்னலுக்கு அப்பால் உள்ள டிஸ்க். தாமதம் ஒரு மில்லிவினாடி வரை போகலாம், வினாடிக்கு இத்தனை படிப்பு என்ற உச்சவரம்பும் நீங்கள் கட்டும் காசைப் பொறுத்தது. அப்படியிருந்தால் மேலே சொன்ன எஸ்எஸ்டிக் கணக்கு எதுவும் உங்களுக்குப் பொருந்தாது. ஃபியோ என்ற கருவியில் 4 கேபி படிப்பை ஒன்று நிலுவையில் வைத்தும், 128 நிலுவையில் வைத்தும் ஓட்டி இரண்டு எண்களையும் அனுப்புங்கள். கூடவே மெதுவான குவெரி எப்படி ஓடியது என்று காட்டும் எக்ஸ்ப்ளெயின் அனலைஸ் வெளியீட்டை பஃபர் விவரத்தோடு கொடுத்தால், காத்திருப்பது டிஸ்க்குக்கா, ரேமுக்கா, பூட்டுக்கா என்று பார்த்துச் சொல்கிறேன்.